ஐந்தாம் காம்பரா

மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டைப் பகுதியிலே, தோட்ட லயமொன்றில் வாழும் மாணவியொருத்தி, இறுதியாண்டு ஆய்வுக்கெனத் தன் அம்மாயியின் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்திருந்தாள். அம்மாயி இன்று இல்லை. பாடல்கள் யாவும் பழைய கணினியொன்றின் வன்தட்டில் இருந்தன.

விடுமுறையில் ஒருநாள், இடம் போதாமையால், வன்தட்டில் வெறுமையாய்க் கிடந்த ஐந்தாம் பிரிவை அவள் நீக்கினாள். மறுமுறை கணினியை இயக்கியபோது, ‘அத்தகைய பிரிவு இல்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி மட்டுமே கரிய திரையில் தோன்றியது. பழுதுபார்க்கும் கடையினர், அனைத்தையும் அழித்து லினக்ஸைப் புதிதாக நிறுவுவதே வழி என்றனர். அவள் இசையவில்லை, கணினியை வீட்டுக்கே எடுத்து வந்தாள்.

“பாட்டெல்லாம் போயிருச்சாம்மா?” என்றார் தகப்பனார்.

“இல்லப்பா. அஞ்ச எடுத்ததும் ஆறு அஞ்சாயிருச்சு. அது இன்னும் ஆறைத் தேடுது.”

“அஞ்சாம் காம்பராவ இடிச்சுட்டு நம்பர மாத்தினா, தபால்காரருக்கு யாரு சொல்றது?”

உண்மையும் அதுவே. பழைய முறையிற் பகுக்கப்பட்ட வன்தட்டில், 512 பைட் அளவான முதற்கூற்றின் அட்டவணையிலே நான்கு பிரிவுகளுக்கே இடமுண்டு. ஐந்து முதலான எண்களைப் பெறுபவை விரிவுப் பிரிவினுள் அமைவன; அவற்றுள் ஒன்று நீங்கின் அடுத்தது அதன் எண்ணைப் பெறும். கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் என்னும் நிரலோ, நிறுவப்பட்ட நாளிற் குறித்துக்கொண்ட ஆறாம் எண்ணையே தேடி நின்றது.

மீட்புத் திரையிலே அவள் பிரிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்திலே லினக்ஸின் கோப்புறைகள் இருந்தன. தேடவேண்டிய இடம் அதுவே எனக் கட்டளையிட்டதும் லினக்ஸ் எழுந்தது. அப்பால் இடரில்லை, லினக்ஸ் நம்பியிருந்தது வரிசை எண்ணை அன்று, பிரிவை வடிவமைக்கும்போதே அதனுள் எழுதப்படும் தனி அடையாளத்தை. பின்னர் கிரப்பையும் மீள நிறுவினாள். இல்லையேல் மறுநாளும் அதே கரிய திரைதான்.

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை நினைவிலே நின்ற திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் அங்கிருந்த ஏடுகள் பல அழிந்தன. அழிந்தது வேறு, முகவரி தவறியது வேறு. இவற்றைப் பிரித்தறியாதவர் கையில் இருப்பதும் அழிந்துவிடும்.

அன்றிரவே அவள் பாடல்களுக்கு வேறொரு படி எடுத்துவைத்தாள்.