விமான நிலையச் சரிவில் வரிசையாக முகங்கள்!

இஸ்ரேலின் டெல் அவிவ் அருகே இருக்கிறது பென் குரியன் விமான நிலையம். இதன் 3-வது டெர்மினலில் இறங்குபவர்கள், பாஸ்போர்ட் சோதனைக்குப் போக நீளமான சரிவுப் பாதையில் நடக்க வேண்டும்.

2023 அக்டோபர் 7 தாக்குதலில் சுமார் 250 பேரை ஹமாஸ் அமைப்பினர் கடத்திச் சென்றனர். அதன்பிறகு இந்தப் பாதையோரம் அவர்களின் போஸ்டர்கள் வரிசைகட்டின. போட்டோ, பெயர், வயது. டிராலி பையை இழுத்துக்கொண்டு டாக்ஸி பிடிக்கும் அவசரத்தில் போகிறவர், கண்காட்சி பார்க்க வந்தவர் இல்லையே! ஆனாலும் வயதைப் படித்தால் நடை தளர்ந்தது. கைக்குழந்தையும் இருந்தது, 80 தாண்டிய தாத்தாவும் இருந்தார்.

கடத்தப்பட்டவர்களுக்கு போஸ்டர் என்ற யோசனை பரவியது நியூயார்க்கிலிருந்து. அப்போது அங்கே இருந்த இஸ்ரேலியத் தெரு ஓவியர்கள் நிட்சான் மின்ட்ஸ், டெடே இருவரும் டிசைன் செய்து, யார் வேண்டுமானாலும் பிரின்ட் எடுக்கலாம் என்று இணையத்தில் விட்டார்கள். பல நாடுகளில் ஒட்டினார்கள். கிழித்தும் போட்டார்கள். 'காஸாவில் செத்த பல்லாயிரம் பேரின் முகங்கள் எந்தச் சுவரில்?' என்ற கேள்வியும் வந்தது. தட்டிக்கழிக்க முடியாத கேள்வி.

உயிரோடு இருந்த கடைசி 20 பேர் 2025 அக்டோபர் 13-ல் விடுவிக்கப்பட்டார்கள். கடத்தப்பட்டபோது சுமார் 9 மாதமே ஆகியிருந்த குழந்தை, அந்த பிப்ரவரியிலேயே சவப்பெட்டியில் திரும்பியிருந்தது.