அபாய மணியின் பூர்வ கதை

அமெரிக்க சர்வகலாசாலை ஒன்றுக்கு மேற்படிப்புக்காகச் சென்ற என் சகோதரியின் மகன், தான் தங்கப்போகும் விடுதியைப் பற்றி வீட்டார் அறிந்துகொள்ளட்டும் என்று அனுப்பிவைத்த ஆண்டறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை முறை தீப்பிடித்தது, காரணம் யாது, காயமுற்றோர் எத்தனை பேர், மாண்டோர் எத்தனை பேர், நஷ்டத்தின் மதிப்பென்ன, தீ ஒத்திகை எத்தனை முறை நடந்தது என்றெல்லாம் அட்டவணை போட்டு அதில் அச்சிட்டிருந்தார்கள். தன் கட்டிடங்களில் நேர்ந்த ஆபத்துகளைத் தானே கணக்கிட்டு ஊரறியப் பிரசுரிப்பது எந்த ஸ்தாபனத்துக்கும் இயல்பான காரியமன்று. யாரோ அதைச் செய்வித்திருக்க வேண்டும். அவர் யார் என்று அறியும் ஆவலே என்னை இந்தத் தேடலில் ஈடுபடுத்தியது.

அறிக்கையின் முகப்பிலேயே முதல் தடயம் கிடைத்தது. 2008 ஆகஸ்டு 14ஆம் தேதி கையொப்பமான உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், மாணவர் விடுதி நடத்தும் கலாசாலைகள் ஆண்டுதோறும் தீப் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டுமென்று விதித்தது. அதே சட்டம், வளாகத்தில் உயிருக்கு அபாயம் நேர்ந்தால் உடனே அனைவருக்கும் அறிவிக்க வேண்டுமென்றும், அந்த அறிவிப்பு முறையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றும் கட்டளையிட்டது. தீக்கும் ஏனைய அபாயங்களுக்கும் ஒரே சட்டத்தில் இடமளித்தது ஏன் என்று வினவியவாறு பின்னோக்கிச் சென்றேன்.

அவ்விரண்டுக்கும் அடித்தளமாக 1990ஆம் ஆண்டின் சட்டமொன்று இருந்தது. பென்ஸில்வேனியாவின் லீஹை சர்வகலாசாலையில் பயின்ற ஜீன் கிளெரி என்னும் 19 வயது நங்கை, 1986 ஏப்ரலில் தன் விடுதி அறையிலேயே கொலையுண்டாள். தாமே பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ பொருள்களை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில் அதற்கு முன் நிகழ்ந்த வன்குற்றங்கள் தங்களைப் போன்ற பெற்றோருக்குத் தெரிவிக்கப்படவேயில்லை என்பதை அறிந்த தாயும் தந்தையும், தம் துக்கத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் சட்டசபை வாயில்களுக்குக் கொண்டுசென்றனர். குற்றங்களைக் கலாசாலைகள் மறைக்கலாகாது என்னும் நியதி அவர்களால் பிறந்தது; இன்று அச்சட்டம் அவர்கள் மகளின் பெயராலேயே வழங்குகிறது.

தீ பற்றிய பகுதியின் மூலத்தைத் தேடியபோது நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்தேன். 2000 ஜனவரி 19ஆம் தேதி விடியற்காலை நான்கரை மணியளவில், ஸீடன் ஹால் சர்வகலாசாலையின் போலண்ட் ஹால் விடுதியில், மூன்றாம் தளத்துப் பொது அறையிலிருந்த சோபா ஒன்று தீப்பற்றியது. 600க்கு மேற்பட்ட மாணவர் உறங்கிய அந்தப் பழைய கட்டிடத்தில், சூடேறியதும் தானே நீரைப் பொழியும் தெளிப்பான்கள் இல்லை. அபாய மணி தன் கடமையைத் தவறாமல் செய்தது. ஆயினும் முந்தைய சில மாதங்களில் அதே மணி 18 முறை பொய்யாக ஒலித்திருந்தமையால், இதுவும் அப்படித்தான் என்று எண்ணிப் பலர் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்று மாணவர் உயிரிழந்தனர். 50க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவ்வாண்டே நியூஜெர்சி மாநிலம் மாணவர் விடுதிகள் அனைத்திலும் நீர்த்தெளிப்பான் அமைக்க வேண்டுமென்று சட்டமியற்றியது. தீ விவரங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்ற மசோதாவோ அமெரிக்கக் காங்கிரஸில் பலமுறை கொண்டுவரப்பட்டு, கடைசியில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

உடனடி அறிவிப்பு பற்றிய மற்றொரு பகுதிக்கு மூலமானது வர்ஜீனியா டெக் என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் சர்வகலாசாலை. 2007 ஏப்ரல் 16ஆம் தேதி காலை ஏழேகால் மணியளவில் ஒரு விடுதியில் இருவர் சுடப்பட்டனர். இது தனிப்பட்ட விரோதத்தின் விளைவென்றும், சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பானென்றும் அதிகாரிகள் கருதியதால், மாணவருக்கு முதல் மின்னஞ்சல் 9 மணி 26 நிமிஷத்துக்கே புறப்பட்டது. சிறிது நேரத்துக்கெல்லாம் நாரிஸ் ஹாலில் மேலும் 30 பேர் கொல்லப்பட்டனர். மாண்டோர் பட்டியலில், நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதனின் பெயரைக் கண்டதும் மேலே படிக்க இயலாமல் நின்றேன். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்து, கால் நூற்றாண்டாக வர்ஜீனியா டெக்கில் கற்பித்து வந்தவர் அவர். அயல்நாட்டுச் சட்டத்தின் மூலத்தைத் தேடிச் சென்ற எனக்கு, அந்தத் துயரத்தில் நம் கொங்கு நாட்டுக்கும் பங்குண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஓரிடத்தில் மணி அளவுக்கு மிஞ்சி ஒலித்து நம்பிக்கையை இழந்தது. மற்றோரிடத்தில் நிச்சயத்துக்காகக் காத்திருந்து காலத்தை இழந்தது. அபாயம் உண்டென்று உறுதியானவுடன், உறுதியான அந்தக் கணமே தாமதமின்றி அறிவிக்க வேண்டுமென்று சட்டம் இயற்றியவர்கள், இந்த இரு பிழைகளையும் ஒருங்கே மனத்தில் கொண்டிருந்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இந்தச் சங்கடம் எப்போது தொடங்கியது என்று மேலும் தேடியபோது பாஸ்டன் நகரம் வரை போக நேர்ந்தது. வில்லியம் சானிங் என்னும் வைத்தியரும் மோசஸ் ஃபார்மர் என்னும் யந்திர நிபுணரும் அமைத்த தந்தி வழித் தீயறிவிப்பு முறை 1852 ஏப்ரல் மாத இறுதியில் அங்கே இயங்கத் தொடங்கியது. தெருப் பெட்டியிலிருந்து சமிக்ஞை மத்திய நிலையத்துக்குப் போகும்; அங்கிருந்து நகரத்து மணிகள் ஒலிக்கும். விஷமிகள் பொய்யாக இயக்காதிருக்கும் பொருட்டு ஆரம்பகாலப் பெட்டிகளைப் பூட்டி, சாவியைக் காவலரிடமும் அண்டையிலிருந்த நம்பிக்கைக்குரியோரிடமும் கொடுத்து வைத்தார்கள். அதனால் தீ எரிகையில் சாவியைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் சாவி வேண்டாத கதவொன்று வந்தது. யார் வேண்டுமானாலும் கைப்பிடியைத் திருப்பலாம். ஆனால் திருப்பிய மாத்திரத்தில் பெட்டியிலேயே ஒரு மணி உரக்க ஒலித்து, தெருவிலுள்ளோர் அனைவரையும் திரும்பிப் பார்க்கச் செய்யும். அவசரக்காரனுக்கு அது தடையன்று. பொய்யனுக்கோ ஊர்ப் பார்வையே தடை.

என் கைக்கு வந்த அட்டவணையின் உட்பொருளும் இதுவே என்று உணர்ந்தேன். ஒத்திகையை நடத்தாமலே நடத்தியதாகச் சொல்லும் அதிகாரியையும், பழுதான மணியைச் சீர்செய்யாமல் ஒலிக்கவிடும் நிர்வாகத்தையும், விளையாட்டாக அதை இயக்கும் மாணவனையும், பலர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு திருத்துவதுபோல் வேறெதுவும் திருத்துவதில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும் பல்லாண்டு போராடிப் பெற்ற உரிமை, நாம் படித்தால்தான் பயன்படும். பிள்ளையை விடுதியில் சேர்க்கும் எந்தப் பெற்றோரும், அந்த விடுதி எத்தேசத்தில் இருந்தாலும், கட்டணத்தையும் உணவையும் விசாரிப்பதற்கு முன், சென்ற ஆண்டில் அபாய மணி எத்தனை முறை பொய்யாக ஒலித்தது, எத்தனை முறை ஒத்திகை நடந்தது என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்; பதில் கிடைக்கும் வரை கேட்க வேண்டும்.