பட்டாம்பூச்சியும் படப்பெட்டியும்

கொடைக்கானல் பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் தவறவிடும் ஊர் செண்பகனூர். 1895-ல் ஏசு சபைப் பாதிரிமார்கள் இங்கே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். மலையில் கிடைத்த பட்டாம்பூச்சி, பாம்பு, பறவை எல்லாவற்றையும் பாடம் பண்ணி வைத்த மியூசியமும் இங்கேதான்.

நம்ம ஆபீஸ் கோஷ்டி இங்கே இறங்குமா? நேரே குணா குகைதான்! 'டெவில்ஸ் கிச்சன்' என்றிருந்த இடம், 1991-ல் கமலின் 'குணா' வந்த பிறகு பெயரையே மாற்றிக்கொண்டது.

அது ஃபிலிம் காலம். 400 அடி ரோல் நாலரை நிமிஷத்தில் காலி. எடுத்தது சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரிய, நெகட்டிவ் லேபுக்குப் போய், கழுவி, ரஷ் வரணும். நடுவில் மூடுபனி வந்து முகத்தை மறைத்தால்... முருகா!

பி.சி.ஸ்ரீராம் 2004-ல் 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டலில் எடுத்தார். மறு வருஷமே கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்'. 2013-ல் ஃபுஜி, படம் பிடிக்கிற ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தியது. அதே குணா குகையை வைத்து 2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' டிஜிட்டல் படம். குகையின் உள்பக்கத்தைக் கேரளாவில் செட் போட்டே முடித்துவிட்டார்கள்.

தியேட்டரிலும் புரட்சி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் சுமார் 13,500 அடி ஃபிலிம். தகரப் பெட்டிகளில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி... "பொட்டி வந்துடுச்சா?" என்று ரசிகர்கள் வாசலில் தவம் கிடப்பார்கள். இப்போது ஹார்ட் டிஸ்க், சாட்டிலைட். செலவு மிச்சம், சின்னப் பட்ஜெட்காரர்களுக்கும் வழி பிறந்தது. சந்தோஷம்தான்.

ஆனால் சார், வைத்துக் காப்பாற்றுவது யார்? முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' (1931). இன்றைக்குப் பார்க்க ஒரு பிரதி இல்லை. ஃபிலிமைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கதி. கவனித்தால், குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்தால், நூறு வருஷம் தாங்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே படம் தெரியும். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்... நம்ம மூஞ்சிதான் மங்கலாகத் தெரியும்! சில வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றாவிட்டால், படம் உள்ளேயே சமாதி.

அடுத்த தடவை செண்பகனூரில் இறங்கி அந்தப் பட்டாம்பூச்சிகளைப் பாருங்கள். பிடித்தவர் போய்ச் சேர்ந்தும் சிறகு உதிராமல் இருக்கிறதென்றால், பின்னால் வந்த யாரோ பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கும் கோடம்பாக்கத்துக்கும் அப்படி நாலு பேர் வேணும்.