முதல் பால் கடைசியில்

பாளையங்கோட்டை. கத்திரி வெயில். காலை பத்து மணிக்கே சமையலறை ஜன்னலில் ஈரத்துண்டு தொங்குகிறது.

அடுப்புக்கு மூன்றடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஆச்சி. இரண்டு கைகளும் மடியில்.

அடுப்பின் முன்னால் பேரன். வயது பன்னிரண்டு. மஞ்சள் பனியன், முதுகில் 7. பக்கத்தில் முக்காலிமேல் பேத்தி. வயது ஒன்பது. அவள் கையில் நோட்டும் பேனாவும்.

இன்று சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போடுவது. இங்கே மாப்பிள்ளை யாரும் இல்லை. லீவுக்கு வந்த இரண்டு பேர். ஹாலில் பேப்பரோடு தாத்தா.

வாணலியில் பாசிப்பருப்பு. பையன் கரண்டியைச் சுற்றுகிறான். மடியில் ஆச்சியின் விரல்களும் சுற்றுகின்றன. அவன் நிறுத்துகிறான். விரல்கள் நிற்கவில்லை.

“எவ்வளவு நேரம் ஆச்சி?”

“வாசம் வரட்டும்.”

பேத்தி எழுதுகிறாள்: வாசம் வரும்வரை.

வாசம் வருகிறது. பையன் அதை நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் வறுக்கிறான். ஆச்சியின் வலது கை எழும்புகிறது. அந்தரத்தில் நிற்கிறது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு மடிக்குத் திரும்புகிறது. இரண்டு பருப்பு கறுக்கிறது. பிறகு மூன்றாவதும்.

சுவரில் தினசரி காலண்டர். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சுற்றிப் பேனா வட்டம். 14.2 கிலோ. இந்தத் தடவை சீக்கிரம் தீரும்.

கதவில் ஒரு தாள். சென்னையிலிருந்து மகள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்துவிட்டது. கலர் கட்டத்துக்குள் எட்டு விதிகள். முதலாவது, கை கழுவுவது. இரண்டாவது, பெரியவர் இல்லாமல் அடுப்பைத் தொடாதது. மூன்றாவது, ஆச்சி எதையும் செய்து கொடுக்கக் கூடாது. அதன் அடியில் மட்டும் சிவப்புக் கோடு.

தாத்தா நிலைப்படி வரை வருகிறார். தாளைப் படிக்கிறார். மூன்றாவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

“மணி என்ன ஆகுது?”

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. கால் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று, திரும்பிப் போகிறது.

தேங்காய் ஒன்று, இரண்டு மூடி. பையன் துருவுகிறான். வெள்ளையோடு பழுப்பும் விழுகிறது. “ஓடு வரைக்கும் போகாதலே.” மிக்சி ஓடுகிறது. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதல் பால். கெட்டி. அது தனியே ஒரு டம்ளரில். சக்கை மறுபடி மிக்சிக்குப் போகிறது. இரண்டாம் பால். மறுபடியும். மூன்றாம் பால், அரிசி கழுவிய தண்ணீர் போல.

பையனின் பிடிக்குள் சக்கை அடங்கவில்லை. பால் மணிக்கட்டில் இறங்குகிறது, முழங்கைக்கு வருகிறது, சொட்டுகிறது. ஆச்சி சொட்டைப் பார்க்கிறார். தரையைப் பார்க்கிறார். கைப்பிடித் துணியைப் பார்க்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார்.

பேத்தி மூன்று பாத்திரங்களின் முன்னாலும் துண்டுத் தாள் வைக்கிறாள். 1, 2, 3.

வேலை தொடங்குவது 3இலிருந்து. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் அதில் வேகின்றன. ஒரு பீன்ஸ் துண்டு இன்னொன்றின் அளவில் இல்லை. அரைத்த இஞ்சி, பச்சை மிளகாய். குக்கரில் குழைந்த பருப்பு. பிறகு இரண்டாம் பால்.

இனி காத்திருப்பு.

அலமாரியில் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் முதல் பாகம் வந்த புத்தகம். மகளுக்குக் கல்யாணப் பரிசாக வந்து, அவள் கொண்டுபோகாமல் விட்டது. அட்டை புதிதாக இருக்கிறது. சொதி அதில் உண்டா என்று இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“நீங்க எப்ப ஆச்சி கத்துக்கிட்டீங்க?”

“சிறுவீட்டுப் பொங்கல்ல. முத்தத்துல மண்ணால வீடு கட்டி, தை மாசம் அதுல அடுப்பு வச்சு நாங்களே பொங்குவோம். ஒன் வயசுதான் இருக்கும்.”

“தாத்தாவும் பொங்கினாங்களா?”

ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் நிற்கிறது.

“அவுக திங்க வந்தாக.”

பேத்தி அதையும் எழுதிக்கொள்கிறாள்.

குழம்பு தளதளக்கிறது. பையன் டம்ளரைத் தூக்குகிறான். “தீயைக் கொற. இப்ப ஊத்து. கொதிக்க விடாத, திரிஞ்சிரும். நுரை கூடுனதும் அமத்திரு.” முதல் பால் இறங்குகிறது. பச்சை வெளுக்கிறது. ஓரத்தில் நுரை கட்டத் தொடங்குகிறது. பையன் முழங்கையில் காய்ந்த பாலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

நாற்காலி கிரீச்சிடுகிறது. ஆச்சி பாதி எழுந்துவிட்டார். பேத்தி பேனாவால் கதவைக் காட்டுகிறாள். ஆச்சி உட்கார்கிறார்.

“ஏலே!”

குமிழ் திரும்புகிறது. ஒரு பக்கம் லேசாகத் திரிந்த மாதிரி இருக்கிறது. பார்த்தவர்கள் சொல்லவில்லை. கடுகு வெடிக்கிறது, கறிவேப்பிலை பொரிகிறது. சூடு சற்றுத் தணிந்தபின் எலுமிச்சம்பழம். இரண்டு விதை உள்ளே போகிறது. ஒன்று வெளியே வருகிறது.

தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அது ஏற்கெனவே கிண்ணத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்பாரில்லை.

தாத்தா சோற்றைப் பிசைகிறார். கறுத்த பருப்பு ஒன்று விரலில் தட்டுப்படுகிறது. தட்டின் ஓரத்துக்குப் போகிறது. இன்னொன்று. மூன்றாவது. பையன் எண்ணிக்கொண்டிருக்கிறான். தாத்தா இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறார்.

சாப்பிட்டு முடித்து, தட்டை விட்டுவிட்டு எழுகிறார்.

“தாத்தா, ஆறாவது.”

“என்னது ஆறாவது?”

“சாப்பிட்டவங்க தட்டை அவங்களே கழுவணும். தாள்ல போட்டிருக்கு.”

தாத்தா ஆச்சியைப் பார்க்கிறார். ஆச்சி முருங்கைக்காய் சப்பிக்கொண்டிருக்கிறார். எந்த முருங்கைக்காய்க்கும் இவ்வளவு நேரம் ஆகாது.

தாத்தா தட்டோடு நிலைப்படியைத் தாண்டுகிறார். தொட்டியின் முன் நிற்கிறார். குழாயைத் திறக்கிறார். மூடுகிறார்.

“நார் எங்க கெடக்கு?”

பேத்தி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நிற்கிறாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

“வலது பக்கம் தாத்தா. பச்சை. சோப்பு அவ்வளவு வேண்டாம்… பின்பக்கமும் தேய்க்கணும்.”