ஐந்து மீட்டர் ஷீல்டு ஒயர்

பெரியவர் ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டார். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது; ஒலிப்பெட்டியில் சத்தமே இல்லை. மேசையில் கிடந்த பழைய ஒயரை ஆம்ப்ளியின் முதுகில் செருகி, மறுமுனையில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பின்னின் நடு ஊசியில் ஆள்காட்டி விரலை வைத்தார். வலது பெட்டி “ம்ம்ம்” என்று உறுமியது. விரலை எடுத்ததும் அடங்கியது. அடுத்து வெள்ளைப் பின். இடது பெட்டி உறுமியது.

“ஆம்ப்ளிக்கு ஒண்ணும் இல்லம்மா. அது காத்துக்கிட்டுத்தான் இருக்கு. உங்க டிவிதான் அதுகிட்ட பேச மாட்டேங்குது.”

சென்னை ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு முழ அகல மேசையில் அவருடைய உலகம் இருந்தது. துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோயிருந்தேன் அந்த ஆம்ப்ளியை. இதே தெருவில் 90களின் நடுவில் அப்பா அசெம்பிள் செய்து வாங்கியது. உள்ளே 4440 ஐசி. ஒரே ஐசிக்குள் இரண்டு சேனல், சேனலுக்கு 6 வாட். இன்றைய கணக்கில் சின்ன எண்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் பாட்டு இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்.

அப்பாவுக்கு இப்போது 78. போன வருடம் பழைய குண்டு டிவியைக் கொடுத்துவிட்டுச் சுவரில் ஒட்டும் மெல்லிய டிவி வாங்கினோம். படம் பளிச்சென்று இருந்தது. அப்பாதான் மெல்ல மெல்லப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். “என்னமோ பேசறாங்க, என்னன்னு தெரியலை” என்பார். சத்தத்தைக் கூட்டினால், “சத்தம் கேக்குது, சொல் கேக்கலை” என்பார். அது எவ்வளவு சரியான வாக்கியம் என்பது பிறகுதான் புரிந்தது. பழைய டிவியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் நம்மைப் பார்த்து இருக்கும். பின்னால் பெரிய கூடும் உண்டு. மெல்லிய டிவியில் கூட்டுக்கு இடமில்லை. விரல் நீள ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கின்றன. சுவரில் பட்டுத் திரும்பும் பேச்சு மழுங்கிவிடுகிறது. முதுமையில் காது முதலில் இழப்பதோ உச்ச ஒலிகளை. ஒரு சொல்லில் வல்லினம் எல்லாம் உதிர்ந்து, உயிரும் மெல்லினமும் மட்டும் மிஞ்சுவதைப்போல. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு வசனத்தை ஊகிக்க அப்பா ஒரு வருடமாகப் போராடியிருக்கிறார்.

பரணிலிருந்த ஆம்ப்ளியும் பெட்டிகளும் ஞாபகம் வந்தது அப்போதுதான். டிவியை மாட்டித் தந்த கடையின் இளைஞரே ஒரு ஒயரும் போட்டுக்கொடுத்தார். சத்தம் வரவில்லை. “பழைய ஆம்ப்ளி, போயிருக்கும்” என்று சொல்லிப் போய்விட்டார். ஒரு மாதம் அதை நம்பினோம்.

பெரியவர் என் கைபேசியில் இருந்த படத்தைக் கேட்டு வாங்கினார். டிவியின் முதுகைப் படம் பிடித்து வைத்திருந்தேன். விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“இங்க பாருங்க, ஏவி இன்னு போட்டிருக்கு. இன்னா காது. வெளியில இருந்து வர்றதை டிவி கேக்கற இடம். உங்க ஆம்ப்ளி பின்னாடி இருக்கறதும் காதுதான். காதுக்கும் காதுக்கும் ஒயர் கட்டினா யாரு பேசுவா? இதோ, ஹெட்போன் படம் போட்ட ஓட்டை இருக்கு பாருங்க, அதுதான் வாய்.”

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வண்ணம் பொருந்தினால் போதும் என்று நினைத்து ஒயரைச் செருகுபவர்களில் நானும் ஒருத்தி. வண்ணம் எது இடம், எது வலம் என்று சொல்லும். எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது.

“எத்தனை அடி தூரம்மா?”

டிவி ஒரு சுவரில், பெட்டிகள் எதிர்ச் சுவர் அலமாரியில். கதவைச் சுற்றிப் போனால் ஐந்து மீட்டர் என்றேன். அந்த நீளத்தில் நல்லதாக ரெடிமேடு கார்டு கிடைக்காது, தானே போட்டுத் தருவதாகச் சொல்லி முக்காலியை என் பக்கம் தள்ளினார்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. முன்வரிசைக் கடைகளில் இப்போது கேமராவும் லேப்டாப் உதிரியும்தான். ஒலி வேலை செய்கிறவர்கள் சந்துகளுக்கும் மாடிகளுக்கும் நகர்ந்துவிட்டார்கள். ஒரு மாடியில் வெறும் டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறார்கள். இன்னொன்றில் ஒலிப்பெட்டிக்கு மரப்பலகை அறுக்கிறார்கள்.

பெரியவர் சுருளிலிருந்து கறுப்பு ஷீல்டு ஒயரை இழுத்து, மேசை விளிம்பில் அடித்திருந்த இரண்டு ஆணிகளுக்கு இடையில் அளந்தார். அந்த இடைவெளி சரியாக ஒரு மீட்டர். ஐந்து தடவை போய்வந்து, ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டினார். “ஒயர் இழுத்துக்கிட்டு நிக்கக்கூடாது. கொஞ்சம் தளர்ச்சி வேணும்.”

மேல்தோலைப் பிளேடால் சுற்றிக் கீறி உருவினார். உள்ளே வலைபோல் பின்னிய மெல்லிய செம்புக் கம்பிகள். அதுதான் ஷீல்டு. அதற்குள் தனித்தனித் தோலுடன் வெள்ளை இழை ஒன்று, சிவப்பு இழை ஒன்று. ஒலி போவது இந்த இழைகளில். வலை அவற்றைப் போர்த்திக்கொண்டு, வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல் உள்ளே புகாமல் தடுக்கிறது. சற்றுமுன் அவர் விரல் வைத்ததும் பெட்டி உறுமியது அதே இரைச்சலால்தான். நம் உடம்பு அறையில் பரவியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை ஓர் ஏரியல்போல வாங்கிக்கொள்கிறது. ஆம்ப்ளி அதைப் பெரிதாக்குகிறது. விலை மலிந்த கார்டைப் பிரித்து எனக்குக் காட்டினார். வலைக்குப் பதிலாக நாலைந்து இழைகள் நீளவாக்கில் கிடந்தன. “இது போர்வை இல்லம்மா, நூலு.”

பின்னின் மூடியை முதலில் ஒயரில் கோத்துத் தள்ளிவிட்டுத்தான் ஈயக்கோலைக் கையில் எடுத்தார். வேலை பழகுகிறவர்கள் எல்லோரும் மறப்பது இந்த மூடியைத்தானாம். பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேசைமேல் கிடப்பதைப் பார்த்து, எல்லாவற்றையும் உருக்கிப் பிரித்து மறுபடி தொடங்குவார்களாம்.

டிவிப் பக்கத்துக்கு ஒரே பின், 3.5 மில்லிமீட்டர். இந்தத் தெருவில் அதன் பெயர் இபி. அதன் தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் உண்டு. அவை தண்டை மூன்றாகப் பிரிக்கின்றன: நுனி இடப்பக்க ஒலி, நடு வளையம் வலப்பக்க ஒலி, அடித்தண்டு இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் ஓர் அழைப்பை இன்னொன்றோடு சேர்க்கச் செருகிய தடித்த பின்னின் கொள்ளுப்பேரன் இது. ஆம்ப்ளிப் பக்கத்தில் வரும் ஆர்சிஏ பின் 1930களில் அமெரிக்காவின் ரேடியோ கார்ப்பரேஷன் நிறுவனம் கிராமபோனை ரேடியோவோடு இணைப்பதற்காகக் கொண்டுவந்தது. பெயரும் அந்த நிறுவனத்தின் முதல் எழுத்துகள்தான். ஒரு பெட்டியின் பேச்சை இன்னொரு பெட்டியின் தொண்டையில் ஏற்றும் வேலையை அது அன்றிலிருந்து செய்கிறது.

“ஈயத்தைக் காய்ச்சக் கூடாது, பின்னைக் காய்ச்சணும்” என்றார். கோலின் முனையைப் பின்னின் காதில் இரண்டு நொடி வைத்தார். பிறகு மறுபக்கத்திலிருந்து ஈயக்கம்பியைத் தொட்டார். அது தானாக ஓடி இழைகளுக்குள் இறங்கியது. ஆறியதும் பளபளவென்று இருந்தது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக உறைந்தால் அது டிரை சால்டர். பார்க்க ஒட்டியிருக்கும், ஆறு மாதத்தில் கரகரக்கும். அதிக நேரம் வைத்தால் இழையின் தோல் உருகி, உள்ளே கிரவுண்டும் ஒலியும் ஒன்றை ஒன்று தொட்டுவிடும். அந்த இரண்டு நொடிக்கும் மூன்றாவது நொடிக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய 40 வருடத் தொழில்.

புகை அவர் முகத்துக்கு நேராக ஏறியது. ஈயக்கம்பியின் உள்ளே இருக்கும் பிசின் எரிகிற புகை. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் மூச்சிழுப்பு நோயைக் கொண்டுவரும். அந்தப் படிக்கட்டின் கீழ் அதை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறிகூட இல்லை. ஈயம் புகையோடு போவதைவிடக் கையோடு வாய்க்குப் போவதுதான் அதிகம். மதியம் அவர் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம், உடன் வேலை செய்த ஒருவர் வயிற்று வலியில் படுத்ததைப் பார்த்துப் பழகிக்கொண்டாராம். ஒரு கார்டுக்கு அவர் கேட்ட கூலி என்னைக் கூச வைத்தது. கூடுதலாகக் கொடுத்தேன். மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

கடைசியில் மல்டிமீட்டர். நுனிக்கும் வெள்ளைக்கும் பீப். நடு வளையத்துக்கும் சிவப்புக்கும் பீப். நுனிக்கும் அடித்தண்டுக்கும் பீப் வரக்கூடாது; வரவில்லை. மீட்டர் கத்திக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பின்னுக்கருகில் இப்படியும் அப்படியும் மடக்கினார். சத்தம் ஓர் இடத்திலும் அறுபடவில்லை. மூடியைத் திருகினார்.

“வீட்டுல போய் உடனே பாட்டுப் போடாதீங்க. ஒண்ணும் போடாம ஆம்ப்ளி வால்யூமை முக்கால் வரைக்கும் ஏத்திப் பாருங்க. பெட்டி சும்மா இருக்கணும். அப்பதான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.”

வீட்டில் பெட்டி சும்மா இருக்கவில்லை. வசனம் கேட்டது, ஆனால் அடியில் ஒரு வண்டு விடாமல் ரீங்கரித்தது. எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். 2006இல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல கலர் டிவிகளை வீடு வீடாகப் பழுதுபார்த்து வளர்ந்தவர். மெல்லிய டிவியில் பழுதுபார்க்க அதிகமில்லை, போர்டை மாற்றத்தான் வேண்டும் என்பார். இப்போது அவருக்குப் பெரும்பாலும் கனெக்‌ஷன் வேலைதான்.

அவர் ஆம்ப்ளியைத் தொடவே இல்லை. செட்டாப் பாக்ஸுக்குள் வரும் கேபிள் டிவி ஒயரை மட்டும் கழற்றினார். வண்டு செத்துப்போனது. திரும்பச் செருகினார். வந்தது.

“கார்டு நல்ல கார்டு. இது கிரவுண்டு லூப். கேபிள்காரர் ஒயர் மேல்தோல் எங்கேயோ ஒரு கம்பத்துல எர்த் ஆகியிருக்கு. உங்க ஆம்ப்ளி மூணு பின்னுல இந்த வீட்டுல எர்த் ஆகியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல வட்டமா கரண்டு ஓடுது, அதுதான் பாடுது.”

சிலர் ஆம்ப்ளி பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். இரைச்சல் உடனே நின்றுவிடும். பிறகு என்றைக்காவது டிரான்ஸ்பார்மரில் கசிவு வந்தால், அந்த இரும்புப் பெட்டியைத் தொடுகிறவரைக் காப்பாற்ற எதுவும் இருக்காது. “நான் செய்ய மாட்டேன். வேற யார் செஞ்சாலும் விடாதீங்க.”

மறுநாள் கார்டோடு மறுபடி படிக்கட்டுக்குக் கீழே. நான் சொல்லி முடிக்கும்முன்பே பெரியவர் இழுப்பறையிலிருந்து தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒன்றை எடுத்தார். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். ஒலி ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குக் காந்தமாகத் தாவும். செம்பு செம்பைத் தொடாது. எனவே வட்டம் அறுந்துவிடும். கார்டை நடுவில் வெட்டி அதைச் சேர்த்தார். “பேஸ் கொஞ்சம் மெலியும்மா. உங்க அப்பாவுக்குப் பேச்சுதானே வேணும்?”

பக்கத்து மேசை இளைஞர், இதற்கு ஆப்டிகல் ஒயர் போட்டிருக்கலாமே அக்கா என்றார். 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. செம்பே கிடையாது, பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சமாக ஒலி போகும், கிரவுண்டும் இல்லை, லூப்பும் இல்லை. எங்கள் ஆம்ப்ளிக்கு வெளிச்சம் புரியாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், டிவி செட்டிங்கில் பிசிஎம் என்று மாற்ற வேண்டும். புது சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றே போதும். 2009இல் வந்த ஏஆர்சி வசதியால் படம் வரும் ஒயரிலேயே ஒலி திரும்பிப் போகிறது. ஏஆர்சி என்று எழுதிய ஓட்டையில்தான் செருக வேண்டும். அங்கும் காது எது, வாய் எது என்ற கேள்விதான். புளூடூத்தில் ஒயரே வேண்டாம், ஆனால் உதடு அசைந்த பிறகு சொல் வரும். உதட்டைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் அப்பாவுக்கு அது உதவாது.

அன்று மாலை கதவுச் சட்டத்தின் மேல் ஒயரை மறுபடி ஓட்டினேன். மின்கம்பிகள் போகும் பக்கத்தைத் தவிர்த்துக் கொண்டுபோனேன். இபியை ஹெட்போன் ஓட்டையில் செருகியதும் டிவியின் சொந்தக் குரல் நின்றது. எதையும் ஓடவிடாமல் ஆம்ப்ளி வால்யூமை முக்கால் வரை ஏற்றினேன்.

“எனக்குக் கேக்காது பாப்பா. நீ கேட்டுச் சொல்லு” என்றார் அப்பா.

பெட்டியின் துணியில் காதை ஒட்டி வைத்தேன். மின்விசிறி சுற்றுவது கேட்டது. கீழ்வீட்டில் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. “ஒண்ணுமே இல்லப்பா” என்றேன். வால்யூமைக் குறைத்துவிட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.