கோடிட்ட இடம்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை அடுத்த தெருக்களில், அயல்நாட்டாருடன் ஆங்கிலத்தில் அச்சமின்றி உரையாடும் சிறுவர்களை நாம் கண்டதுண்டு. அதே பிள்ளைகள் தேர்வுத் தாளில் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்பதைக் கண்டதும் திகைத்துவிடுகின்றனர்.

‘தவறு செய்தான்’ என்னும் தமிழை நினைந்து, ‘மிஸ்டேக்’ என்பதற்கு ‘டிட்’ என்ற வினையைச் சேர்க்கின்றனர். ஆங்கிலமோ அங்கே ‘மேட்’ என்பதையே ஏற்கும். சொல்லின் பொருள் தெரிந்தது. அதன் உறவு தெரியவில்லை. சம்பந்தம் பேசுமுன் குடும்பத்தை விசாரிக்கும் நாம், சொற்களைச் சேர்க்கும்போது மட்டும் அகராதியை நம்பிவிடுகிறோம்.

ரமணரும் மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றவரே. பெயின் என்பாரின் ஆங்கில இலக்கணத்திலிருந்து ஒரு பாடத்தை மும்முறை எழுதும் தண்டனையை, 1896 ஆகஸ்ட் 29-இல் இடையிலேயே நிறுத்தி எழுந்தார். செப்டம்பர் 1-இல் இவ்வூர் சேர்ந்தார். வீட்டில் வைத்துச் சென்ற கடிதத்தில், கையொப்பத்திற்குரிய இடத்தில் கோடு மட்டுமே இருந்தது.

அது துறவின் வழி. தேர்வு எழுதியே தீரவேண்டிய நம் பிள்ளைகளுக்கோ கோடு நிரம்பியாக வேண்டும். மும்முறை எழுதுவிப்பதால் அது நிரம்பாது. தனிச்சொற்களை மனனம் செய்விப்பதை விடுத்து, நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தை அவர்களோடு அமர்ந்து உரக்கப் படிப்போம். எச்சொல் எதனோடு சேரும் என்பதைச் செவி அறிந்துகொள்ளும்.