இனிப்பும் புகைமணமும்

காய்ந்த பீன்ஸைக் கரும்புப் பாகுடன் பானையிலிட்டுப் பல மணி நேரம் வேகவைப்பது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தாரின் வழக்கம். அந்நாட்டு மிஷனரிமார் 1845-இலேயே நம் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர்.

சென்ற மே விடுமுறையில், உறவினர் பதினைந்து பேருக்குத் தோட்டத்தில் இதைச் சமைக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பழனியிலிருந்து வந்திருந்த அப்பத்தாவுக்குப் பல் இல்லை. அவரும் உண்ண வேண்டுமே!

டபுள் பீன்ஸை இரவே ஊறவைத்தேன். காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீர் ஊற்றி விறகடுப்பில் ஏற்றினேன். 7,000 அடி உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பீன்ஸ் வேகத் தாமதமாகும். "வெல்லத்தைப் போட்டு இறக்கு அக்கா, பசிக்கிறது!" என்று தம்பி நச்சரித்தான். நான் இசையவில்லை. வேகுமுன் வெல்லமும் தக்காளியும் சேர்த்தால் பீன்ஸ் எளிதில் மெத்தென்று ஆகாது.

விரலால் நசுக்கிப் பார்த்து, நன்கு குழைந்த பின்னரே வெங்காயம், தக்காளி, வெல்லம், கடுகுத்தூள், மிளகாய்த்தூள், உப்புச் சேர்த்தேன். மூடியின் மேலும் தணல் பரப்பி அரைமணி நேரம் விட்டேன். இறுதியில் சிறு கிண்ணத்தில் கனன்ற கரித்துண்டை இட்டு, பானைக்குள் வைத்து, சிறிது நெய் விட்டு மூடினேன். புகைமணம் ஏறியது.

அப்பத்தா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். வாயைச் சுட்டுக்கொண்ட தம்பியிடம், "ஆக்கப் பொறுத்தாய், ஆறவும் பொறு ராசா" என்றார்.